நரம்புறையைத் தின்னும் ஆக்சிஜன்

2007-க்கும் 2009-க்கும் இடையில் ஃபின்லாந்து, பிரிட்டன், பிரான்ஸ் நாடுகளின் தோல் மருத்துவர்கள் ஒரு விநோதமான கொப்புளத்தைப் பார்த்துக் குழம்பினார்கள். முதுகு, பிட்டம், தொடையின் பின்பக்கம் என்று நாற்காலியில் படும் இடங்களில் மட்டும் தோல் தீப்பட்டது போல் சிவந்து வெடித்திருந்தது. விசாரித்ததில் பிடிபட்டவை சீனாவிலிருந்து இறக்குமதியான சோபாக்கள். வழியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, அவற்றின் உள்ளே சிறு பொட்டலங்களில் ஒரு வெள்ளைப் பொடியை வைத்துத் தைத்திருந்தார்கள். உட்கார்ந்தவரின் உடற்சூட்டில் அது ஆவியாகி, உறையைத் தாண்டித் தோலில் ஏறியது. பொடியின் பெயர் டைமெத்தில் ஃப்யூமரேட். ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் அது கலந்த எந்தப் பொருளும் விற்பனைக்கு வரக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் தடை போட்டது.

நான்கு வருடம் கழித்து, 2013 மார்ச்சில், அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அதே பொருளை மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோய்க்கு மருந்தாக அனுமதித்தது. டெக்ஃபிடெரா என்ற பெயரில், 240 மில்லிகிராம் கேப்சூல், காலை ஒன்று, இரவு ஒன்று. இது ஆக்சிஜனேற்ற அழுத்தத்திலிருந்து நரம்பைக் காக்கும் மருந்து என்று பரவலாகப் பேசப்பட்டது. சோபாவில் விஷமாக இருந்தது வயிற்றுக்குள் போனதும் ஆன்டிஆக்சிடன்டாக மாறியது எப்படி? உண்மையிலேயே மாறியதா? இரண்டாவது கேள்விக்கு ஆய்வுக்கூடங்கள் இன்னும் ஒரே குரலில் பதில் சொல்லவில்லை.

மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸை, சுருக்கமாக எம்.எஸ்., ஒரு தனி நோயாக 1868-இல் வரையறுத்தவர் பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் இருந்த ழான் மார்த்தான் ஷார்கோ. மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. உறை உள்ள இழையில் சமிக்ஞை வினாடிக்கு 100 மீட்டர் வரை ஓடும். உறையில்லாத மெல்லிய இழையில் வினாடிக்கு ஒரு மீட்டர்தான். எம்.எஸ். நோயில் உடலின் நோயெதிர்ப்பு அணுக்களே இந்த உறையைத் தாக்குகின்றன. ஒரு கண்ணில் பார்வை மங்கும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிறுநீர் அடங்காது. எது வரும் என்பது எந்த இடத்தில் உறை அழிந்தது என்பதைப் பொறுத்தது. உலகில் ஏறக்குறைய 28 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2020-இல் கணக்கிட்டார்கள். ஆண்களைவிடப் பெண்கள் இரு மடங்கு. பெரும்பாலும் 20-லிருந்து 40 வயதுக்குள் தொடங்குகிறது. நம் நாட்டில் வட ஐரோப்பாவைவிடக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

நோய்க்கு இரண்டு முகங்கள் உண்டு. பலருக்கு முதலில் அது வந்து வந்து போகும். சில வாரம் படுத்தும், பிறகு தணியும், மாதங்களோ வருடங்களோ கழித்துத் திரும்பும். பல வருடங்களில் பலருக்கு அந்த ஏற்ற இறக்கம் மறைந்து, சத்தமில்லாமல் ஒரே சரிவாக மாறிவிடும். முதல் கட்டத்துக்கு இன்று இருபதுக்கு நெருக்கமான மருந்துகள் இருக்கின்றன. இரண்டாவதில் கை ஏறக்குறைய வெறுமைதான். ஆக்சிஜனேற்றம் பற்றிய பேச்சு சூடுபிடித்ததே இந்த இரண்டாவது கட்டத்தினால்தான்.

உடல் எடையில் மூளை 2 சதவீதம். ஆனால் நாம் இழுக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை அது எரிக்கிறது. எரிக்கும் இடத்தில் கொஞ்சம் சிதறல் இருக்கத்தானே செய்யும். மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கசியும் எலக்ட்ரான்கள் ஆக்சிஜனோடு ஒட்டி சூப்பர்ஆக்சைடு போன்ற ஃப்ரீ ராடிக்கல்களை உண்டாக்குகின்றன. சாதாரண நாட்களில் இதைச் சமாளிக்க செல்லுக்குள் நொதிகள் இருக்கின்றன. எம்.எஸ். மூளையில் நடப்பது கசிவு அல்ல, வேண்டுமென்றே செய்யும் உற்பத்தி. மைக்ரோக்ளியா எனப்படும் மூளையின் காவல் அணுக்களிடம் என்ஏடிபிஹெச் ஆக்சிடேஸ் என்ற நொதி உண்டு. கிருமியைக் கொல்ல சூப்பர்ஆக்சைடைக் கொட்டுவதே அதன் வேலை. அழற்சி நேரத்தில் இன்னொரு நொதி நைட்ரிக் ஆக்சைடையும் ஏராளமாகச் சுரக்கிறது. இரண்டும் சந்தித்தால் பெராக்ஸிநைட்ரைட். கிருமிக்கு என்று தயாரித்த ரசாயனம், கிருமி இல்லாத இடத்தில், பக்கத்து வீட்டின் மேல் கொட்டுகிறது.

பக்கத்து வீட்டுக்காரர் ஒலிகோடென்ட்ரோசைட். மயலினைச் செய்து நரம்பிழை மேல் சுற்றிவிடும் செல் அது. மூளையிலேயே அதிக இரும்பு வைத்திருப்பதும் இதுதான், மயலின் தயாரிக்கும் நொதிகளுக்கு அந்த இரும்பு தேவை. மயலினின் உலர் எடையில் முக்கால் பங்கு கொழுப்பு. ஃப்ரீ ராடிக்கல்களைத் தாங்கும் குளுடாதயோன் சேமிப்போ இந்த செல்லில் குறைவு. இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை கேம்பிரிட்ஜில் ஹென்றி ஃபென்டன் 1894-லேயே எழுதிவிட்டார். அந்த வினையில் பிறக்கும் ஹைட்ராக்சில் ராடிக்கலின் ஆயுள் ஒரு நானோ வினாடி அளவுதான். அதற்குள் எதிரே இருக்கும் எந்த மூலக்கூறையும் கடித்துவிடும். ஒலிகோடென்ட்ரோசைட் சாகும்போது அதன் இரும்பு வெளியே கொட்டுகிறது, மைக்ரோக்ளியா அதை விழுங்குகின்றன, விழுங்கியவை மேலும் வெறிபிடித்து ராடிக்கல்களைத் துப்புகின்றன.

இது வெறும் ஊகமல்ல. வியன்னாவில் ஹான்ஸ் லாஸ்மனின் குழு, இறந்துபோன எம்.எஸ். நோயாளிகளின் மூளைத் திசுக்களை வெட்டி, ஆக்சிஜனேற்றம் அடைந்த கொழுப்பையும் டி.என்.ஏ.வையும் சாயமேற்றிப் பார்த்து 2011-இல் வெளியிட்டது. மயலின் அப்போதுதான் உரியத் தொடங்கிய இடங்களில், செத்துக்கொண்டிருந்த ஒலிகோடென்ட்ரோசைட்டுகளுக்குள் அந்தச் சாயம் அடர்த்தியாக நின்றது. இன்று உயிரோடு இருப்பவரின் மூளையிலேயே இதன் ஒரு பகுதியைப் பார்க்க முடிகிறது. இரும்பைக் காட்டும்படி அமைத்த எம்.ஆர்.ஐ. படத்தில், பழைய காயங்கள் சிலவற்றைச் சுற்றிக் கரிய வளையம் ஒன்று தெரியும். இரும்பு விழுங்கிய மைக்ரோக்ளியாக்கள் வரிசை கட்டி நிற்கும் விளிம்பு அது. அப்படி வளையம் உள்ள காயங்கள் வருடக்கணக்கில் மெல்ல மெல்லப் பெருத்துக்கொண்டே போகின்றன. புதிய தாக்குதல் எதுவும் இல்லாமல் நோயாளி ஏன் சரிகிறார் என்ற கேள்விக்கு இதுவரை கிடைத்த பதில்களில் எனக்கு மிகவும் நம்பத்தகுந்ததாகப் படுவது அந்த வளையம்தான்.

உறை போன பிறகு இழைக்கு நேர்வது இன்னொரு கொடுமை. மயலின் இல்லாத இழை சமிக்ஞையைக் கடத்த அதிக சக்தி செலவழிக்க வேண்டும். அதே நேரம் நைட்ரிக் ஆக்சைடு மைட்டோகாண்ட்ரியாவின் கடைசிப் படியை அடைத்துவிடுகிறது. லண்டனில் கென்னத் ஸ்மித்தின் குழு, நைட்ரிக் ஆக்சைடில் நனைந்த நரம்பிழைகளில் சும்மா கிடந்தவை பிழைப்பதையும், வேலை செய்துகொண்டிருந்தவை அழிவதையும் எலிகளில் காட்டியது.

இவ்வளவும் தெரிந்த பிறகு யாருக்கும் தோன்றும் யோசனை, ஆன்டிஆக்சிடன்டைக் கொடுத்துவிட்டால் என்ன? வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பச்சைத் தேயிலை, மஞ்சள். மெடிக்கல் ஷாப்பின் கண்ணாடி அலமாரி முழுக்க இந்த யோசனைதான் டப்பா டப்பாவாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் கணக்கு ஒத்துவருவதில்லை. ஹைட்ராக்சில் ராடிக்கல் தான் பிறந்த இடத்திலிருந்து சில நானோமீட்டர் தூரத்தில் இருப்பதைத் தாக்கிவிடும். அதற்கு முன் குறுக்கே விழுந்து அதைப் பிடிக்க வேண்டுமென்றால், அங்கே ஏற்கெனவே குவிந்து கிடக்கும் கொழுப்பையும் புரதத்தையும் விட அதிக அளவில் மருந்து இருக்க வேண்டும். மாத்திரை விழுங்கி, ரத்தத்தில் கலந்து, ரத்த–மூளைத் தடுப்பையும் கடந்து அந்தச் செறிவை எட்டுவது நடக்காத காரியம்.

நடக்காதது மட்டுமல்ல, ஆபத்தும் உண்டு. ஃபின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 1994-இல் வந்தபோது, பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. எம்.எஸ்.ஸுக்கு இன்னும் நெருக்கமான எச்சரிக்கை ஸ்வீடனிலிருந்து வந்தது. லுண்டில் ரிகார்ட் ஹோல்ம்டாலின் குழு, எலிகளில் மூட்டழற்சியைத் தீவிரமாக்கும் மரபணுவைத் தேடிப் பிடித்து 2003-இல் அறிவித்தது. அது என்ஏடிபிஹெச் ஆக்சிடேஸின் ஒரு பகுதியைச் செய்யும் மரபணு. நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக, ராடிக்கல்களைக் குறைவாக உற்பத்தி செய்த எலிகளுக்குத்தான் நோய் கடுமையாக இருந்தது. அதே குறை உள்ள சுண்டெலிகளில் எம்.எஸ். போன்ற மூளை அழற்சியும் மோசமானது. ராடிக்கல்கள் ஒரு செய்தியும் கூட. தன் உடலையே தாக்கப் பார்க்கும் டி அணுக்களை அடக்கி வைப்பதில் அவற்றுக்குப் பங்கிருக்கிறது. எல்லாவற்றையும் துடைத்துவிடுவது நல்லது என்ற எண்ணத்தை இந்த ஒரு கண்டுபிடிப்பே ஆட்டம் காணச் செய்துவிட்டது.

இந்த வழியில் அழகாகத் தொடங்கித் தோற்ற முயற்சி ஒன்று யூரிக் அமிலம். கவுட் நோயில் மூட்டில் படிந்து உயிரை வாங்கும் அதே யூரிக் அமிலம், பெராக்ஸிநைட்ரைட்டின் விளைவுகளைத் தணிப்பதில் கெட்டிக்காரன். ஃபிலடெல்ஃபியாவின் தாமஸ் ஜெஃபர்சன் பல்கலைக்கழகத்தில் கிரெய்க் ஹூப்பரும் ஹிலரி கோப்ரோவ்ஸ்கியும் (வாய்வழி போலியோ மருந்தை மனிதர்களிடம் முதலில் சோதித்த அதே கோப்ரோவ்ஸ்கி) 1998-இல் இரண்டு விஷயங்களைச் சொன்னார்கள். சுண்டெலிகளுக்கு யூரிக் அமிலம் கொடுத்தால் எம்.எஸ். போன்ற நோய் தணிகிறது. அமெரிக்காவின் 2 கோடிக்கும் மேற்பட்ட நோயாளிப் பதிவுகளைப் புரட்டினால், கவுட்டும் எம்.எஸ்.ஸும் ஒரே ஆளுக்கு வந்ததாக ஏறக்குறைய எங்குமே இல்லை. கேட்டவுடன் நம்பத் தோன்றும். யூரிக் அமிலத்தை நேரே விழுங்கினால் குடலிலேயே சிதைந்துவிடும் என்பதால், உடலுக்குள் யூரிக் அமிலமாக மாறும் இனோசினைக் கொடுத்துப் பார்த்தார்கள். இன்டர்ஃபெரான் பீட்டாவோடு இனோசினையும் சேர்த்துக் கொடுத்த சோதனையின் முடிவு 2010-இல் வந்தது. யூரிக் அமிலம் ஏறியது, நோய் அசையவில்லை. முன்னதாக நடந்த ஒரு சிறு சோதனையில் சிலருக்குச் சிறுநீரகக் கல் வந்ததுதான் மிச்சம். எம்.எஸ். நோயாளிகளிடம் யூரிக் அமிலம் குறைவாக இருந்ததால் நோய் வந்ததா, நோயில் நடக்கும் ஆக்சிஜனேற்றத்தில் செலவாகி அது குறைந்ததா என்பதைப் பதிவேடுகள் சொல்லாது. மைட்டோகாண்ட்ரியாவில் வேலை செய்யும் இடிபெனோனும், தொடக்கத்திலிருந்தே சரியும் வகை எம்.எஸ்.ஸில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் சோதனையில் பயன் தரவில்லை.

இனி சோபாப் பொடிக்கு வருவோம். வால்டர் ஷ்வெக்கென்டீக் என்ற ஜெர்மன் வேதியியலாளருக்கு சோரியாசிஸ் இருந்தது. செல்கள் சக்தி தயாரிக்கும் கிரெப்ஸ் சுழற்சியில் ஃப்யூமரிக் அமிலம் ஒரு படி. அந்தப் படியில் குறைபாடு இருப்பதால்தான் தன் தோல் உரிகிறது என்று அவர் ஒரு கொள்கை வைத்திருந்தார். ஃப்யூமரிக் அமிலத்தின் எஸ்டர்களை (சோபாப் பொடியும் அவற்றில் ஒன்று) தானே தயாரித்துத் தன் மேலேயே சோதித்து, 1959-இல் வெளியிட்டார். கொள்கை சுத்தமாகத் தப்பு. மருந்து வேலை செய்தது! மருத்துவ வரலாற்றில் இப்படித் தப்பான காரணத்துக்காகச் சரியாக வேலை செய்த மருந்துகள் எவ்வளவோ. 1994-இல் ஜெர்மனி இந்த எஸ்டர்களின் கலவையைச் சோரியாசிஸுக்கு அனுமதித்தது. எம்.எஸ். நோயாளிகளிடம் அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் போஹும் என்ற ஜெர்மன் நகரத்தின் மருத்துவர்கள். பத்துப் பேர் கொண்ட அவர்களின் முதல் சோதனையில், எம்.ஆர்.ஐ.யில் ஒளிரும் புதுக் காயங்கள் குறைந்தன. பிறகு பெரிய மருந்து நிறுவனம் ஒன்று உள்ளே வந்தது. 2012-இல் வெளியான இரண்டு பெரிய சோதனைகளில் ஒன்றில், ஆண்டுக்கு ஒரு நோயாளிக்கு 0.36 முறை என்றிருந்த தாக்குதல், இருவேளை மருந்து எடுத்தவர்களிடம் 0.17 ஆனது. மற்றதில் 0.40 என்பது 0.22 ஆனது.

அப்படியானால் இது ஆன்டிஆக்சிடன்டா? மூலக்கூறைப் பார்த்தால் இல்லை, நேர் எதிர். டைமெத்தில் ஃப்யூமரேட் செல்லுக்குள் நுழைந்ததும் செய்யும் முதல் வேலை, கந்தகம் உள்ள மூலக்கூறுகளோடு ஒட்டிக்கொள்வது. செல்லின் சொந்த ஆன்டிஆக்சிடன்டான குளுடாதயோனோடும் ஒட்டி, முதல் சில மணி நேரம் அதைக் குறைக்கவே செய்கிறது. சோபாவில் தோலை எரித்ததும் இதே குணம்தான். ஆனால் அது ஒட்டிக்கொள்ளும் புரதங்களில் கீப்1 என்று ஒன்று உண்டு. 1999-இல் ஜப்பானில் மசாயுகி யாமாமோட்டோவின் குழு அதைக் கண்டறிந்தது. என்ஆர்எஃப்2 என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்துப் பிடித்து அழிவுக்கு அனுப்புவதே கீப்1-இன் வேலை. கீப்1-இல் 151-ஆவது இடத்தில் இருக்கும் கந்தக அமினோ அமிலத்தில் ஃப்யூமரேட் ஒட்டியதும் அதன் பிடி தளர்கிறது. தப்பிய என்ஆர்எஃப்2 உட்கருவுக்குள் போய், குளுடாதயோன் தயாரிப்பு உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட தற்காப்பு மரபணுக்களை எழுப்பிவிடுகிறது. திருடன் வராமலே வேலிக்கு வெளியே நின்று கல்லெறிந்து, வீட்டு நாயை முழித்திருக்க வைப்பது மாதிரி. குறைந்த குளுடாதயோன் மறுநாளுக்குள் முன்பைவிட அதிகமாகத் திரும்பி வருகிறது.

விளக்கம் மிக அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதாலேயே கொஞ்சம் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. 2011-இல் ஜெர்மன் குழு ஒன்று, என்ஆர்எஃப்2 மரபணு இல்லாத சுண்டெலிகளில் இந்த மருந்து பலிக்கவில்லை என்று காட்டியது. 2016-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு, அந்த மரபணு இல்லாத சுண்டெலிகளிலும் பலிக்கிறது என்று காட்டியது. மூன்றாவது ஒரு குழுவோ, இதெல்லாம் வேண்டாம், நியாசின் ஒட்டும் ஏற்பி வழியாகவே மருந்து வேலை செய்கிறது என்றது. (மாத்திரை போட்ட அரைமணி நேரத்தில் முகமும் கழுத்தும் தகதகவென்று சிவக்கும் பக்கவிளைவுக்கு அந்த ஏற்பிதான் காரணம். நியாசின் மாத்திரை எடுத்தவர்களுக்கும் இதே அனுபவம் உண்டு.) மனிதர்களிடம் சந்தேகமில்லாமல் தெரிவது ஒன்று: முதல் வருடத்தில் ரத்தத்தில் லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் சராசரியாக 30 சதவீதம் குறைகின்றன. அதாவது நோயெதிர்ப்பை அடக்கும் மற்ற எம்.எஸ். மருந்துகள் செய்வதையே இதுவும் செய்கிறது. அதனால்தான் சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை கட்டாயம். லிம்ஃபோசைட் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குக் கீழ் ஆறு மாதத்துக்கு மேல் நின்றால் மருந்தை நிறுத்துவது பற்றி யோசிப்பார்கள், ஏனென்றால் அரிதாகச் சிலருக்கு ஜேசி வைரஸ் மூளையைத் தாக்கி உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது.

நரம்பை ஆக்சிஜனேற்றத்திலிருந்து நேரே காக்கும் மருந்து என்றால், அது தன் திறமையைக் காட்ட வேண்டிய இடம் சரிவுக் கட்டம். டென்மார்க்கில் தொடக்கத்திலிருந்தே சரியும் வகை நோயாளிகளுக்கு 48 வாரம் இதைக் கொடுத்து, தண்டுவட நீரில் நியூரோஃபிலமென்ட் அளவைப் பார்த்தார்கள். நரம்பிழை சிதையும்போது கசியும் புரதம் அது. மாற்றமில்லை என்று 2021-இல் எழுதினார்கள். என் கணிப்பில், டைமெத்தில் ஃப்யூமரேட் ஒரு நல்ல எம்.எஸ். மருந்து. ஆனால் ஆன்டிஆக்சிடன்ட் என்ற பட்டத்தை அதற்குக் கொடுத்தது அவசரம்.

ஆன்டிஆக்சிடன்ட் அணியில் இப்போது களத்தில் நிற்பது லிபோயிக் அமிலம். நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. சர்க்கரை நோயாளி கால் எரிகிறது என்று சொன்னால் எழுதித் தரப்படும் மெத்தில்கோபாலமின் கேப்சூல்கள் பலவற்றின் அட்டையில் ஆல்ஃபா லிபோயிக் அமிலம் என்றும் இருக்கும், பெரும்பாலும் 100 மில்லிகிராம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ரெபெக்கா ஸ்பெய்னின் குழு, சரிவுக் கட்டத்திலிருந்த 51 பேரில் ஒரு பாதிக்குத் தினம் 1,200 மில்லிகிராம் வீதம் இரண்டு வருடம் கொடுத்தது. எம்.எஸ். நோயாளிகளின் மூளை வழக்கத்தைவிட வேகமாகச் சுருங்கும். வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு வருடத்துக்கு 0.65 சதவீதம் சுருங்கியது, லிபோயிக் அமிலம் எடுத்தவர்களுக்கு 0.21 சதவீதம். 2017-இல் வந்த இந்த எண்ணைப் பார்த்துப் பலரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆனால் நடையிலும் கை வேலையிலும் சந்தேகத்துக்கு இடமில்லாத வித்தியாசம் தெரியவில்லை. 51 பேரிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது.

அட்டையில் இருக்கிறதே, நாமே பன்னிரண்டாகப் போட்டுக்கொண்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அதே ஓரிகன் ஆய்வாளர்கள் 2021-இல் இன்னொன்றையும் எழுதினார்கள். லிபோயிக் அமிலம் எடுத்தவர்களில் சிலருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வு தடித்து, சிறுநீரில் புரதம் வெளியேறியது. திசுவில் நெல்1 என்ற புரதம் படிந்திருந்தது. இதே நெல்1 படிவுள்ள சிறுநீரக நோயை இந்திய மருத்துவர்கள் 2022-இல், பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளைச் சாப்பிட்டவர்களிடம் விவரித்தார்கள். வேதியியலில் சம்பந்தமே இல்லாத இரண்டு பொருட்கள் ஒரே சவ்வில் ஒரே மாதிரிக் காயத்தை ஏன் உண்டாக்குகின்றன என்பது தனிக் கட்டுரைக்குரிய புதிர். ஆன்டிஆக்சிடன்ட்தானே, என்ன செய்துவிடும் என்று வாங்குபவர் முகத்தில் வீக்கமோ சிறுநீரில் நுரையோ கண்டால் மருத்துவரிடம் அந்த மாத்திரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

காப்புரிமை காலாவதியான பொருளில் எந்த நிறுவனமும் கோடிகளைப் போடாது. எனவே பெரிய சோதனையை பிரிட்டனில் எம்.எஸ். சொசைட்டி என்ற தொண்டு அமைப்பு முன்னின்று நடத்துகிறது. யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனை மையமாகக் கொண்டு 2023-இல் தொடங்கிய அதற்கு ஆக்டோபஸ் என்று பெயர். சரிவுக் கட்டத்தில் இருக்கும் நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்து, ஒன்றுக்கு லிபோயிக் அமிலம், ஒன்றுக்கு மெட்ஃபார்மின், ஒன்றுக்கு வெற்று மாத்திரை. மெட்ஃபார்மின், சர்க்கரைக்காக நம் வீடுகளில் தினம் விழுங்கும் அதே மெட்ஃபார்மின்தான். வயதான எலிகளில் மயலினைப் புதிதாகச் செய்யும் முன்னோடி செல்களுக்கு அது இளமைத் துடிப்பைத் திருப்பித் தந்ததாக 2019-இல் கேம்பிரிட்ஜ் குழு ஒன்று எழுதியதிலிருந்து அதன் மேல் கண். சோதனையின் முதல் கட்டத்தில் அளப்பது மூளை சுருங்கும் வேகத்தை மட்டும். அதில் தேறும் மருந்துக்கே கூடுதல் ஆட்களும் கூடுதல் வருடங்களும். அப்போதுதான் நடை, கை, இயலாமை எல்லாம் கணக்கில் வரும். தேறாத மருந்து அங்கேயே வெளியேறும், சோதனையை முதலிலிருந்து தொடங்காமல் அதன் இடத்தில் வேறொரு மருந்தைக் கொண்டுவந்து வைப்பார்கள்.